ஆர்வமில்லாதவர்கள் பிரிவு

பிப்ரவரி 4, செவ்வாய்

எனக்கு வெளியே போகப் பிடிக்காது என்று மருமகள் மாடி வீட்டுக்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஜன்னல் திறந்திருந்தது. எனக்குக் கால்தான் போயிற்று, காது இருக்கிறது.

அவள் சொன்னது தவறு. மாடி வீட்டுக்காரி வாய்க்குப் போனது தெருவுக்கும் போகும் என்பதால் இங்கேயாவது சரியாக எழுதி வைக்கிறேன். போன வருஷம் மகனின் நண்பன் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. மண்டபம் முதல் மாடியில் இருந்தது, லிஃப்ட் கிடையாது. "நாலு பசங்க இருக்காங்கம்மா, சேரோட அப்படியே தூக்கிடுவாங்க" என்றான் மகன். பீரோவைத்தான் அப்படித் தூக்குவார்கள். என்னைத் தூக்க வேண்டாம் என்று சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். அது எப்படியோ வளர்ந்து, நான் கல்யாணத்துக்கே வர மறுத்ததாகி, பிறகு எங்குமே வராதவளாகி, இப்போது வெளியே போவதே பிடிக்காதவளாகியிருக்கிறேன்.

மருமகளிடம் நேரே சொல்லியிருக்கலாம். சொன்னால் முகம் வாடும். அவள் மனதில் விஷமில்லை, நாக்கில் பூட்டில்லை, அதுதான்.

பிப்ரவரி 5, புதன்

காலையில் தொலைபேசி அடித்தது. மருமகள் குளியலறையில் இருந்ததால் நான் நாற்காலியை உருட்டிக்கொண்டு போய் எடுத்தேன். ஒரு பெண் குரல், மகன் இருக்கிறானா என்றது. வேலைக்குப் போய்விட்டான், நான் அவன் அம்மா என்றேன்.

"ஓ. உங்களப் பத்திதான் மேடம். நான் யுனிவர்சிட்டி சுற்றுலாத் துறையில ஆராய்ச்சி மாணவி. மாற்றுத்திறனாளிப் பெரியவங்களோட பயணம் பத்திப் போன வருஷம் ஒரு சர்வே எடுத்தோம்ல. கலந்துக்கிட்டவங்களுக்கு நன்றிக் கடிதம் அனுப்பறோம். அட்ரஸ் சரியான்னு பாக்கணும்."

மாற்றுத்திறன் எதுவும் எனக்குப் புதிதாக வந்து சேரவில்லை, இருந்த திறனில்தான் கொஞ்சம் குறைந்திருக்கிறது என்று சொன்னேன். சிரித்தாள். நான் எந்த சர்வேயிலும் கலந்துகொண்டதில்லை என்றதும் சிரிப்பு நின்றது. காகிதம் புரளும் சத்தம்.

"இல்ல மேடம், இருக்கு. நீங்க பயணத்தில் ஆர்வமில்லாதவர்கள் பிரிவுல இருக்கீங்க."

"யார் சொன்னது?"

"நீங்கதான் மேடம்." பிறகு, குரல் இறங்கி, "வீட்டுல யாராவது சொல்லியிருப்பாங்களோ?"

யாராவது என்ன யாராவது. மாலையில் மகனைக் கேட்டேன். மறைக்கவில்லை, மறைக்க அதில் ஒன்றும் இருப்பதாகவும் அவனுக்குத் தோன்றவில்லை.

"ஆமாம்மா, நான்தான் சொன்னேன். நீங்க அப்ப பிசியோதெரபியில இருந்தீங்க. அந்தப் பொண்ணு வாசல்ல வெயில்ல நின்னுச்சு. பயணம் போக விருப்பமான்னு கேட்டுச்சு. இந்த நிலைமையில எங்க போறது, இல்லைன்னுட்டேன். இதுக்குப் போயி?"

இந்த நிலைமை. இந்த நிலைமையில். இந்த நிலைமையை வைத்துக்கொண்டு. எனக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு, அதை இந்த வீட்டில் யாரும் சொல்லிக் கேட்டு நாளாகிறது.

பிப்ரவரி 6, வியாழன்

அவன் கெட்டவன் இல்லை. அப்படியே அவன் அப்பாவின் அச்சு. அவர் இருந்தவரை ஹோட்டலில் எனக்கு என்ன வேண்டும் என்று அவரே சொல்லிவிடுவார். பெரும்பாலும் சரியாகவும் சொல்வார், அதுதான் தொல்லை. தப்பாகச் சொல்லியிருந்தால் முதல் வருஷமே சண்டை போட்டுத் தீர்த்திருப்பேன்.

பிப்ரவரி 8, சனி

"அத்தை, உங்க ஆராய்ச்சி வந்திருக்கு" என்று மருமகள் குரல் கொடுத்தாள். அந்தப் பெண்ணுக்கு இந்த வீட்டில் இனி அதுதான் பெயர் போலிருக்கிறது.

ஒல்லியாக இருக்கிறாள். தோளில் பாரமான பை. நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் மருமகளைப் பார்த்து, "இந்த ஃபேன் காத்து அவங்களுக்கு ஒத்துக்குமா?" என்று கேட்டாள்.

"அவங்க இங்கதான் இருக்காங்க" என்றேன்.

முகம் சிவந்துவிட்டது. "சாரி ஆன்ட்டி" என்றாள். நான் உங்களுக்கு அத்தையுமில்லை சித்தியுமில்லை, மேடம் போதும் என்றேன். மருமகள் சமையலறைக்குள் போய்ச் சிரித்தது கேட்டது.

நன்றிக் கடிதத்தை நேரிலேயே கொடுக்க வந்தாளாம், பேச்சோடு பேச்சாக இன்னொன்றும் சொன்னாள். மார்ச் முதல் தேதி ஒரு பஸ் புறப்படுகிறது. சக்கர நாற்காலியை அப்படியே ஏற்றிக்கொள்ளும் பஸ். ஏரிக்கரையில் ஒரு விடுதி, இரண்டு இரவு தங்கல். ஆராய்ச்சிக்காரர்களும் கூடவே வந்து, எங்கே தட்டுகிறது எங்கே தடுக்கிறது என்று குறித்துக்கொள்வார்கள். முன்பெல்லாம் வெளியே நின்று எங்களைப் பார்த்து எழுதினார்களாம், இப்போது கூடவே போய்ப் பார்க்கிறார்களாம். சொல்லும்போது அவள் நாற்காலியின் நுனியிலிருந்து உள்ளே நகர்ந்து உட்கார்ந்தாள்.

"நானும் வருகிறேன்" என்றேன். வாயிலிருந்து வந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

"ஆர்வமுள்ளவங்க பிரிவுலேர்ந்துதான் மேடம் ஆள் எடுக்க முடியும்."

"அப்படியானால் பிரிவை மாற்றுங்கள்."

"சர்வே முடிஞ்சிடுச்சு மேடம். பேராசிரியர்தான் முடிவு பண்ணணும்."

இந்தத் துறையில் இதுவரை யார் யார் என்னென்ன ஆராய்ந்தார்கள் என்று அவள் ஒரு அத்தியாயம் எழுதியிருக்கிறாளாம். பையில் இருந்தது. கேட்டேன். தயங்கினாள். நான் ரயில்வேயில் கால அட்டவணைப் பிரிவில் வேலை பார்த்தவள், அச்சுக்குப் போகும் முன் கடைசியாகப் பார்க்கும் கண் என்னுடையது என்று சொன்னேன். கொடுத்துவிட்டாள்.

பிப்ரவரி 9, ஞாயிறு

சிவப்புப் பென்சிலைத் தேடி எடுத்துச் சீவிக்கொண்டு படித்தேன்.

முதலில் வைத்தியர்கள் எழுதியிருக்கிறார்கள், இடம் மாறினால் நோயாளிக்கு நல்லதா கெடுதலா என்று. பிறகு அளவெடுப்பவர்கள் வருகிறார்கள். சாய்தளத்தின் சரிவு, கதவின் அகலம், கழிவறைக் கைப்பிடியின் உயரம். அதைக் குறை சொல்லமாட்டேன். கதவு அகலமில்லையென்றால் மற்ற பேச்செல்லாம் வெளியேதான் நிற்கும். அடுத்து வியாபாரம் படித்தவர்கள். ஊனமுற்றவர் தனியாக வரமாட்டார், துணையோடு வருவார், ஆகவே ஒருவரை அழைத்தால் இரண்டு பேருக்கு அறை விற்கலாம் என்கிறார்கள். இதற்குப் பெயர் கண்டுபிடிப்பு. பிறகு அந்தத் துணையின் களைப்பைப் பற்றிக் கொஞ்ச காலம். கடைசியாக, இப்போதுதான், ஊனமுற்றவர்களையே கேட்போம் என்ற கட்டம்.

பெண் நன்றாகத்தான் எழுதுகிறாள். காற்புள்ளிகளை மட்டும் உப்பு தூவுவதுபோல் தூவியிருக்கிறாள்.

"பங்கேற்றவர்களின் குரல்" என்று ஒரு தலைப்பு. ஓரத்தில் "யாருடைய குரல்?" என்று சிவப்பில் எழுதினேன். கை கொஞ்சம் அழுத்திவிட்டது, காகிதம் கிழிந்தது.

வெளியே கிளம்பும் நாளில் காலையிலிருந்து நான் தண்ணீர் குடிப்பதில்லை. போகிற இடத்தில் கழிவறை எப்படியோ என்ற பயம். இதைப் பற்றி அத்தியாயத்தில் ஒரு வரி தேடினேன். கதவின் அகலம் அங்குலக் கணக்கில் இருக்கிறது, தாகம் இல்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

இன்று ஒன்றும் ஓடவில்லை. நாற்காலியை ஜன்னலுக்கும் கதவுக்கும் உருட்டிக்கொண்டேயிருந்தேன். "தரை தேஞ்சிடும் அத்தை" என்றாள் மருமகள்.

பிப்ரவரி 13, வியாழன்

ஆராய்ச்சி வந்தாள். என் சிவப்புக் குறிகளைப் பார்த்து முதலில் பயந்து, பிறகு நோட்டை எடுத்து எழுதிக்கொள்ள ஆரம்பித்தாள். அது எனக்குப் பிடித்தது.

என்னைப்போல் எத்தனை பேருக்கு வீட்டார் பதில் சொன்னார்கள் என்று கேட்டேன். மென்று விழுங்கினாள். அதட்டவில்லை, காத்திருந்தேன். காத்திருந்தால் பிள்ளைகள் தாமாகவே சொல்லிவிடும் என்பது கான்வென்டில் எங்கள் மதரிடம் நான் பட்டுத் தெரிந்துகொண்டது.

"முதல்ல கேள்வித்தாள்ல மேலேயே ஒரு வரி இருந்துச்சு மேடம். பதில் சொல்றது யாருன்னு. ஆனா மொத்தமும் ஒரு பக்கத்துல அடங்கல, ரெண்டாம் பக்கத்துக்கு நாலு வரி வழிஞ்சது. ரெண்டு பக்கத்தப் பாத்தா ஜனங்க மெரண்டுடுவாங்க, ஒரே பக்கத்துல அடக்குன்னு பேராசிரியர் சொன்னாரு. எத எடுக்கறதுன்னு பாத்தேன். இந்த வரிதான்…"

"அவசியமில்லை என்று தோன்றியது."

"ஆமா மேடம்."

கோபம் வர வேண்டும், வரவில்லை. எங்கள் அலுவலகத்திலும் இதே கதைதான். பக்கத்தில் அடங்கவில்லையென்றால் முதலில் கத்தி விழுவது அடிக்குறிப்பின்மேல். ஒருமுறை "ஞாயிறு ஓடாது" என்ற குறிப்பை எடுத்துவிட்டார்கள். ரயில் வராத பிளாட்பாரத்தில் ஜனங்கள் பெட்டி படுக்கையோடு உட்கார்ந்திருந்தார்கள். அது பக்கத்துப் பிரிவில் நடந்தது, என் மேஜையில் அல்ல.

அவளே வீடு வீடாகப் போனவள், ஞாபகம் இருக்கும். கேட்டேன்.

"பாதிக்கு மேல இருக்கும் மேடம். பெரியவங்க உள்ள படுத்திருப்பாங்க. மகளோ மகனோ வாசல்லயே சொல்லி அனுப்பிடுவாங்க."

அவள் ஆய்வின் பெரிய முடிவு என்ன தெரியுமா? வசதிக் குறைவு முக்கியக் காரணமல்ல, நடமாட்டம் குறைந்த முதியவர்களுக்கே பயணத்தில் ஆர்வம் குறைவு. விடுதிக்காரர்கள் சங்கத்துக்கு இது தேனாக இனிக்கும். அவர்கள் கூட்டத்தில் பேராசிரியர் இதைப் படிக்கப்போகிறாராம். சாய்தளம் எதற்கு, வருகிறவர்களுக்கே வர விருப்பமில்லையே என்று கை தட்டுவார்கள். அந்தக் கைதட்டலில் என் பங்கும் இருக்கும்.

பிப்ரவரி 14, வெள்ளி

ஆர்வமில்லாதவள். எவ்வளவு மரியாதையான வார்த்தை. சப்பாணி என்று பள்ளியில் ஒரு பெண்ணைச் சொன்னதற்கு மதர் எங்களை முழங்காலில் நிறுத்தினார். இதற்கு யாரை நிறுத்துவது?

பிப்ரவரி 17, திங்கள்

பேராசிரியரே வந்தார். மகன் அரை நாள் லீவு போட்டு இருந்தான். நல்ல மனிதர், நல்ல சட்டை. காலுக்கும் காதுக்கும் சம்பந்தம் உண்டென்று நினைக்கிறாரோ என்னவோ, என்னிடம் மட்டும் உரக்கப் பேசினார்.

"அம்மா, உங்க ஆர்வம் எங்களுக்குப் பெரிய சந்தோஷம். ஒரு சீட் காலி இருக்கு. சிறப்பு விருந்தினரா வாங்க. ஏரிக்கரை, நல்ல காத்து."

"என் பதில்?"

"அது முடிஞ்சுபோன டேட்டாம்மா. ஒண்ண மாத்தினா எல்லாத்தையும் மாத்தச் சொல்லுவாங்க."

"மாற்ற வேண்டியதுதானே?"

சிரித்தார். பெரியவர்கள் குழந்தையைப் பார்த்துச் சிரிப்பதுபோல், நம்மைவிட வயதில் இளையவர் நம்மைப் பார்த்துச் சிரித்தால் எப்படி இருக்கும் என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. விருந்தினராக வந்தால் நான் சொல்லும் குறைகளைக் குறித்துக்கொள்வீர்களா என்று கேட்டேன். அது ஆய்வில் சேராது, ஆனால் நன்றியுரையில் என் பெயர் வரும் என்றார். பிறகு மகன் பக்கம் திரும்பி, "அம்மாவ அனுப்புவீங்கள்ல சார்?" என்றார்.

"டாக்டரைக் கேக்கணும் சார்" என்றான் என் மகன்.

ஆக, டாக்டர் போகலாம் என்று சொன்னால், மகன் அனுப்பலாம் என்று சொன்னால், பேராசிரியர் வரலாம் என்று சொன்னால், நான் ஏரியைப் பார்க்கலாம். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். போகும்போது காபி பிரமாதம் என்று எனக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னார். போட்டவள் மருமகள்.

பிப்ரவரி 18, செவ்வாய்

போகலாம். ஏன் போகக் கூடாது?

பிப்ரவரி 19, புதன்

விடுதியின் படங்களை ஆராய்ச்சி அனுப்பியிருக்கிறாள். படுக்கை, ஜன்னல், ஜன்னல் நிறைய தண்ணீர். குளியலறைக்கு வாசற்படி இல்லை, தரையோடு தரை. அந்தப் படத்தைத்தான் அதிக நேரம் பார்த்தேன். ஏரி எங்கே ஓடிவிடும்.

டாக்டர் போகலாம் என்றுவிட்டார். மகனுக்குத்தான் ஏமாற்றம். மருமகள் என் புடவைகளை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்துவிட்டாள். "பேசாம போயிட்டு வாங்க அத்தை. நியாயம் எங்க போகப்போகுது, இங்கயேதான் கிடக்கும். வந்து எடுத்துக்கலாம்."

நியாயமான பேச்சுதான். ஒரு கிழவியின் ஒரு பதில் எந்த மலையைப் புரட்டிவிடும்? பெட்டியில் எல்லாவற்றையும் அடுக்கினேன். சாப்பிட்டுவிட்டு வந்து எடுத்து வெளியே வைத்தேன். மறுபடி அடுக்கினேன். நல்ல புடவையா, சாதாரணமா? விருந்தினர் என்றால் நல்ல புடவை. விருந்தினர் எதையும் குறை சொல்லவும் கூடாது. கொடுத்ததைச் சாப்பிட்டு, காட்டியதைப் பார்த்து, அருமை என்று சொல்லிவிட்டு வர வேண்டும். இத்தனை வருஷமாக இந்த வீட்டில் வேறு என்ன செய்கிறேன்?

இல்லை, அது நியாயமில்லை. அந்த வரியை அடித்துவிட வேண்டும். இருக்கட்டும்.

பிப்ரவரி 21, வெள்ளி

ஆராய்ச்சி பழைய கேள்வித்தாளோடு வந்தாள். எதில் சேருமோ சேராதோ, முறைப்படி உங்களையே ஒருதடவை கேட்டுவிடுகிறேன் மேடம் என்றாள். நானும் முறைப்படி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். வயது, எவ்வளவு காலமாக நாற்காலி, வீட்டில் எத்தனை பேர். சரளமாகச் சொன்னேன்.

"நீங்க எங்க போக விரும்பறீங்க?"

 இதற்காகத்தானே இத்தனை ஆர்ப்பாட்டம்? கேட்டேவிட்டாள், எனக்குப் பதில் தெரியவில்லை. ஊர்ப் பெயர்கள் எனக்குப் பஞ்சமா? எந்த வண்டி எங்கே நிற்கும், எங்கே நிற்காது என்று உறக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அவற்றில் ஒன்றைக்கூட நான் விரும்பிப் பார்த்ததில்லை போலிருக்கிறது. சரியா தவறா என்றுதான் பார்த்திருக்கிறேன்.

அவள் அவசரப்படுத்தவில்லை. கடல், மலை, கோயில் என்று தாளில் இருந்ததைப் படித்துக் காட்டவும் இல்லை. பேனாவை மூடிவைத்துவிட்டுச் சும்மா இருந்தாள்.

பிறகு சொன்னேன். ஒரு சந்திப்பு நிலையம் உண்டு. ஒரு வண்டியில் வந்து இறங்கி அடுத்த வண்டிக்கு வெகுநேரம் அங்கே காத்திருந்தே ஆக வேண்டும், வேறு வழி கிடையாது. ஒவ்வொரு பதிப்பிலும் அந்த வரியைத் திருத்தும்போது, அந்த நேரம் முழுக்க ஜனங்கள் அங்கே என்ன செய்வார்கள் என்று யோசிப்பேன். எனக்கு அந்த நிலையத்தில் இறங்கிக் காத்திருக்க வேண்டும். யாரையும் பார்க்க அல்ல, வைத்தியத்துக்கு அல்ல, புண்ணியத்துக்கும் அல்ல. சும்மா. என்னை இங்கே உட்கார், அங்கே உட்கார் என்று சொல்ல ஆளில்லாமல்.

சிரிப்பாள் என்று நினைத்தேன். "மற்றவை" என்ற இடத்தில் பொடி எழுத்தில் எழுதினாள், இடம் போதாமல் ஓரத்தில் மடக்கி எழுதினாள். படித்துக் காட்டச் சொன்னேன். ஒரு பிழையும் இல்லை.

கிளம்பும்போது சொன்னாள். "எல்லாரையும் திரும்பக் கேட்டா எனக்கு இன்னும் ஒரு வருஷம் ஆகும் மேடம். வீட்டுல முடி முடின்னு உயிர வாங்கறாங்க. நீங்க விருந்தினரா போயிட்டா யாருக்கும் சங்கடமில்ல."

"போகச் சொல்கிறாயா?"

நீங்க என்பது எப்போது நீ ஆனது என்று தெரியவில்லை.

"உங்கள நான் எதுவும் சொல்ல மாட்டேன் மேடம்" என்றாள்.

பிப்ரவரி 23, ஞாயிறு

எதையும் செய்யாமல் களைத்துப்போயிருக்கிறேன். போனால் அந்தப் பெண் தப்பிப்பாள், எனக்கு ஏரி. போகாவிட்டால் அவளுக்கு ஒரு வருஷம், எனக்கு இந்த ஜன்னல். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

ஆனால் அந்தப் பாதிப் பேர். உள்ளே படுத்துக்கொண்டு, வாசலில் தங்களைப் பற்றி நடந்த பேச்சு காதில் விழுந்தும் விழாமலும் இருந்தவர்கள். அவர்களில் யாருக்கும் சீட் காலியில்லை.

பிப்ரவரி 24, திங்கள்

பேராசிரியருக்கு எழுதி அனுப்பிவிட்டேன். அழைப்புக்கு நன்றி. விருந்தினராக வர விருப்பமில்லை. என் பெயரில் உள்ள பதில் என்னுடையதல்ல, அதை எடுத்துவிடவும். இவ்வளவுதான். மருமகளைத்தான் தபாலில் சேர்க்கச் சொன்னேன். உறையைக் கையில் வைத்துக்கொண்டு, "தேச்ச புடவை எல்லாம் வீணா அத்தை?" என்று மட்டும் கேட்டாள்.

மகன்தான் கொதித்தான். "இவ்ளோ சண்டை போட்டு, டாக்டர் வரைக்கும் போயி, சீட்டும் வாங்கிட்டு, இப்ப வேணாங்கறீங்க. நான் இல்லைன்னு சொன்னாலும் தப்பு, சரின்னு சொன்னாலும் தப்பு. உங்களுக்கு என்னதாம்மா வேணும்?"

கோபத்தில் கேட்டதுதான். ஆனாலும் அவன் என்னிடம் அதைக் கேட்பது இதுவே முதல் தடவை.

"உக்காரு, சொல்றேன்" என்றேன்.

உட்கார்ந்தான். நீ எனக்காகப் பேசும்போதெல்லாம் நான் செத்துப்போனமாதிரி இருக்குடா என்றேன். அப்படிச் சொல்வதாகத் திட்டமில்லை. வேறு ஏதோ நாகரிகமாகச் சொல்லத்தான் வாயெடுத்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்கும் தலை நரைக்க ஆரம்பித்திருக்கிறது. குனிந்தபடியே, "நீங்க விழுந்திடுவீங்களோன்னு பயம்மா எனக்கு. வேற ஒண்ணுமில்ல" என்றான்.

அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் இத்தனை நாளும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 1, சனி

பஸ் போயிருக்கும்.

மார்ச் 2, ஞாயிறு

பெருமைக்கு ஒரு ஏரியை விட்டுவிட்டேனோ? மாடி வீட்டுக்காரி கேள்விப்பட்டு, "கடைசியில போகலதானே?" என்றாளாம். ஆட மாட்டாதவள் கூடம் கோணல் என்றாள் என்று நினைத்திருப்பாள். நினைக்கட்டும். நினைக்கட்டும் என்று எழுதிவிட்டேன், மனசுதான் அங்கேயே சுற்றுகிறது.

மார்ச் 12, புதன்

ஆராய்ச்சி வந்தாள். கையில் புதிய கேள்வித்தாள், இரண்டு பக்கம்.

பஸ்ஸில் போனவர்களில் ஒரு பெரியவர் முதல் நாளே அவளிடம், "எம்பொண்ணு எனக்கு ஆசைன்னு சொல்லி அனுப்பிட்டா, எனக்கு பஸ்ஸுன்னாலே வாந்திம்மா" என்றாராம். அங்கேயும் அதே கதை. ஆசையில்லை என்பதை மட்டுமல்ல, ஆசை என்பதையும் பிள்ளைகளே சொல்லியிருக்கிறார்கள். திரும்பி வந்ததும் பேராசிரியரிடம் போய், எல்லாரையும் முதலிலிருந்து கேட்கிறேன் என்று சொல்லிவிட்டாள். "ஒரு வருஷம் உன்னோடது, வீணாக்கறதும் உன் இஷ்டம்" என்றாராம். ஆனால் விடுதிக்காரர்கள் கூட்டத்தில் அந்தக் கட்டுரையைப் படிக்கவில்லை. தொண்டை கட்டிவிட்டது என்று காரணம் சொன்னாராம். அந்தக் குரல் அவ்வளவு சுலபத்தில் கட்டாது.

"வீட்டுக்காரங்க குறுக்க வந்து பதில் சொன்னா என்னால தடுக்க முடியல மேடம். சின்னப் பொண்ணுன்னு தள்ளிடறாங்க. நீங்க கூட வரீங்களா?"

நான் பதில் சொல்வதற்குள் மகன் வாயைத் திறந்தான். பிறகு மூடிக்கொண்டு என்னைப் பார்த்தான்.

மார்ச் 22, சனி

முதல் வீடு. மகன்தான் காரில் கொண்டுபோய் விட்டான். நாற்காலியை மடிக்கத் தெரியாமல் விரலை நசுக்கிக்கொண்டு, என் எதிரில் சொல்லக் கூடாத வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டு, சாரிம்மா என்றான்.

அந்த வீட்டுக்கு உயரமான படிகள். நான் ஏற முடியாது, உள்ளே இருக்கும் அம்மாள் இறங்க முடியாது. ஆகவே நான் தெருவில், அவர் ஜன்னல் கம்பிக்குப் பின்னால், இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரும் புதிருமாக. ஆராய்ச்சி நடுவில் நின்று எழுதினாள். உரக்கக் கேட்க வேண்டியிருந்ததால் தெருவே நின்று கேட்டது. காய்கறி வண்டிக்காரர் விருப்பப்பட்டு ஒரு பதிலும் சொன்னார். அவரைத் தள்ளிப் போகச் சொன்னேன்.

அந்த அம்மாளின் மருமகன் உள்ளேயிருந்து, "அவங்களுக்கு அதெல்லாம் புரியாதுங்க" என்றார்.

"எனக்கு இவர் பேசறதுதான் புரியல" என்று அந்த அம்மாள் என்னிடம் சொன்னார். அவருக்குக் கப்பல் பார்க்க வேண்டுமாம். ஏறக்கூட வேண்டாம், பக்கத்தில் நின்று எவ்வளவு பெரிசு என்று பார்த்தால் போதுமாம்.

ஏப்ரல் 9, புதன்

வாரத்தில் பாதி நாள் வெளியே. தோள் வலிக்கிறது. ஒரு வீட்டில் வேண்டாம் என்றார்கள். பெரியவரே, நேரே என் கண்ணைப் பார்த்து, "எனக்கு என் கட்டில்தான் ஊரு" என்றார். ஆராய்ச்சி அதையும் ஆசையோடு எழுதிக்கொண்டாள். வெளியே வந்ததும் இரண்டு பேரும் எதற்கென்று தெரியாமல் சிரித்தோம்.

ஏப்ரல் 17, வியாழன்

கடிகாரம் ரிப்பேர் செய்தவர் ஒருவர் வீடு. தொண்டையில் ஆபரேஷன் ஆகிக் குரல் இல்லை, நடையும் தளர்ந்துவிட்டது. நான் அவரைப் பார்த்துக் கேட்டேன். மனைவி, "அவருக்கு ஒண்ணும் ஆசையில்லைங்க" என்றார். மறுபடியும் அவரைப் பார்த்துக் கேட்டேன். "அதான் சொன்னேனே, குரல் போனதோட எல்லாம் போச்சு" என்றார் மனைவி. பாவம், அந்த அம்மாளுக்கும் கண்ணில் தூக்கமில்லை. அவரிடம் சிறிய பலகை ஒன்று இருந்தது. ஏதோ எழுதினார், கொஞ்சம் நீளமாகவே. மனைவி வாங்கிப் பார்த்துவிட்டு, "உங்களக் காபி சாப்பிடச் சொல்றாரு" என்று துடைத்துவிட்டார். அதை எழுத அவ்வளவு நேரம் ஆகாது. அவர் என்னைப் பார்த்தார். நான் காபி சாப்பிட்டேன்.

ஏப்ரல் 18, வெள்ளி

அவருக்கு இன்று ஒரு கடிதம் எழுதினேன். எதை அனுப்பினாலும் நகல் வைத்துக்கொள்வது அலுவலகப் பழக்கம், ஆகவே இங்கே:

ஐயா, நேற்று நான் உங்களைக் கேட்ட கேள்விக்கு நீங்கள் எழுதிய பதிலை என்னால் பார்க்க முடியவில்லை. உங்கள் மனைவியின் மேல் எனக்கு வருத்தமில்லை. அவர் உங்களுக்காக மிகவும் பாடுபடுகிறார்.

ஜூலையில் இரண்டாவது பஸ் புறப்படுகிறது. அதில் நானும் போகிறேன், விருந்தினராக அல்ல. எந்த ஊருக்கு என்று இன்னும் முடிவு செய்யவில்லை. இந்தப் பகுதியில் உள்ள எல்லாரையும் கேட்டபிறகுதான் முடிவு செய்வது என்று மாணவி பேராசிரியரிடம் பேசிச் சம்மதம் வாங்கியிருக்கிறாள். நீங்கள் ஒருவர்தான் பாக்கி.

நீங்கள் எங்காவது போக விரும்புகிறீர்களா? எங்கே? அங்கே என்ன செய்ய வேண்டும்? விருப்பமில்லை என்பதும் பதில்தான், ஆனால் அதையும் நீங்களே சொல்ல வேண்டும். தபால்தலை ஒட்டிய உறை இத்துடன் இருக்கிறது. உங்கள் பதிலை உங்கள் கைப்பட எழுதி அனுப்புங்கள்.